ஜவ்வாது மலையில் வானம் கண்டவர்: வைணு பாப்பு

போளூரை அடுத்த திருமலைக்குச் சென்று நேமிநாத பகவானைத் தரிசித்தவர்கள், குன்றின் மேல் நின்று மேற்குத் திசையையும் ஒருமுறை நோக்கியிருப்பார்கள். அங்கே நீலத்திரை விரித்தாற்போல் நீண்டு கிடப்பது ஜவ்வாது மலை. நம் சமுதாயக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அம்மலையைப் பார்த்துக்கொண்டே வயலில் உழைத்து வந்துள்ளன. சாமையும் தேனும் புளியும் பலாவும் அங்கிருந்து இறங்கி வருவதை அறிவோம். அம்மலையின் மறுபுறத்தில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறிச் சென்றால், காவலூர் என்னும் சிற்றூர் வரும். அங்கே காட்டின் நடுவே வெண்ணிறக் குவிமாடங்கள் நிற்கின்றன. அவற்றைத் தோற்றுவித்தவர் யார் என்று கேட்டால், நம் பிள்ளைகளுள் விடை கூறுவோர் மிகச் சிலரே. அவர் பெயர் மணலி கல்லட் வைணு பாப்பு. உலகம் போற்றிய வானியல் அறிஞர். 1982ஆம் ஆண்டில் மறைந்தவர்.

அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அவர்தம் வரலாற்றை இவ்விதழில் எழுதக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் இல்லங்களில் நடைபெறும் ஆலோசனைகளை நாம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். எந்தப் படிப்புக்கு எவ்வளவு ஊதியம் என்பது முதலில் பேசப்படுகிறது. பிள்ளைக்கு எதில் நாட்டம் என்பது கடைசியில்கூடப் பேசப்படுவதில்லை. ஞானம் ஆன்மாவின் இயற்கைக் குணம் என்றும், கதிரவனை மேகம் மறைப்பது போல ஞானாவரணீய கர்மம் அதனை மறைத்து நிற்கிறது என்றும் சிறுவர்களுக்குக் கற்பிக்கிறோம். அம்மறைப்பு எல்லா உயிர்களுக்கும் ஒரே அளவினது அன்று, க்ஷயோபசமம் உயிருக்கு உயிர் வேறுபடும் என்பதும் நம் ஆசாரியர்கள் அருளியதே. அப்படியிருக்க, நம் பிள்ளைகள் அனைவரும் இரண்டே இரண்டு படிப்புகளுக்காகப் பிறந்தவர்கள் என்று கருதுவது எவ்வாறு பொருந்தும்?

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கேரளத்தின் தலைச்சேரிப் பகுதி. தந்தையார் மணலி குக்குழி பாப்பு, ஐதராபாத்திலிருந்த நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஆகவே சிறுவன் வளர்ந்தது ஐதராபாத்தில்.

நிஜாமியாவில் அக்காலத்தில் நடந்த பணி எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். உலகின் பல வானாய்வகங்கள் வானத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, தத்தம் பங்கில் உள்ள விண்மீன்களை ஒளிப்படத் தகடுகளில் பதிவு செய்து, அட்டவணை தயாரித்து வந்தன. நிஜாமியா தன் பங்காக 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்து முடித்தது. கணிப்பொறி இல்லாத காலம். ஒவ்வொரு புள்ளியையும் மனிதக் கண்ணே பார்த்தது, மனிதக் கையே எழுதியது. அரிசியில் கல் பொறுக்கும் பொறுமை அதற்கு வேண்டும். இத்தகைய உழைப்பைத் தொழிலாகக் கொண்ட வீட்டில் ஒரு சிறுவன் வளர்ந்தால் இரண்டில் ஒன்று நேரும். வானம் என்றாலே சலிப்பு உண்டாகலாம். அல்லது அந்தச் சலிப்புக்கு அப்பால் உள்ள அழகு அவன் கண்ணில் படலாம். வைணுவுக்கு அழகு புலப்பட்டது.

அவருக்கு இருந்தது ஒரே திறமை அன்று. நிஜாம் கல்லூரியில் பயின்றபோது சொற்போர்களில் பங்கு கொண்டார், விளையாட்டிலும் ஈடுபட்டார். இலக்கியத்திலும் ஓவியத்திலும் நாட்டமுடையவர். பல திறமை உள்ள பிள்ளையைப் பெற்றோர் எதில் வளர்ப்பது என்பது எளிய கேள்வி அன்று. மேடையில் கைதட்டு வாங்கித் தரும் திறமையே எல்லோர் கண்ணிலும் முதலில் படும். நள்ளிரவில் மொட்டைமாடியில் தனியே நின்று செய்யும் வேலையை யார் பார்க்கிறார்கள்?

வைணு அவ்வாறு தனியே செய்த வேலை, ஒளி மாறும் விண்மீன்களை நோக்குதல். சில விண்மீன்களின் ஒளி கூடியும் குறைந்தும் வரும். அவற்றின் ஒளியை அருகிலுள்ள மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும். ஒருநாள் குறிப்பால் பயன் ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் குறித்தால்தான் அவ்விண்மீனின் இயல்பு வெளிப்படும். கல்லூரி மாணவராக இருந்தபோதே இந்நோக்கீடுகளைக் கொண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதி வெளியிட்டார்.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், உளவியல் பாடத்தில் ஆர்வம் வேறு, நாட்டம் வேறு என்று பிரித்துக் கற்பித்தார்கள். அப்போது அது தேர்வுக்குரிய வரையறையாகவே தோன்றிற்று. வகுப்பறையில் ஆண்டுகள் பல கழிந்த பின்னரே அதன் பொருள் விளங்கியது. எதைக் கண்டாலும் பிள்ளைக்கு ஆர்வம் பிறக்கும், பத்து நாளில் மறையும். எந்த வேலையின் அலுப்பான பகுதியையும் அலுப்பென்று எண்ணாமல் அது செய்துகொண்டிருக்கிறதோ, அங்கேதான் நாட்டம் இருக்கிறது. வைணுவின் விண்மீன் குறிப்பேடுகள் அதற்குச் சான்று.

நம்மிடம் ஐந்தாம் வகுப்பில் படித்த சிறுவன் ஒருவன், கிணற்றடியில் பம்புசெட்டு ஓடும் ஒலியைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று கூறிவிடுவான். அவன் சொன்னது தவறியதில்லை. இயந்திரத் தொழில் கற்க வேண்டும் என்று அவன் விரும்பினான். கை அழுக்காகும் வேலை நம் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு என்று பெரியவர்கள் முடிவு செய்து, கணக்குப் பதிவியல் படிக்க வைத்தார்கள். அவன் நன்றாகத்தான் இருக்கிறான், குறையொன்றும் இல்லை. ஆனால் அந்தக் காது வீணாயிற்று. பிறர் அறிவுக்கு இடையூறு செய்தலையும் ஞானாவரணீய கர்மம் வந்து சேர்வதற்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வைத்திருக்கிறது. சாத்திர ஏட்டைக் கிழிப்பவனை மட்டுமே அது குறிக்கிறது என்று நாம் எண்ணவில்லை.

1949ஆம் ஆண்டில் வைணு, உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வானியல் பயின்றுகொண்டிருந்தார். சென்ற சில மாதங்களிலேயே ஒரு செய்தி அவரை உலகறியச் செய்தது. இரவில் எடுத்த ஒளிப்படத் தகடு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, விண்மீன்களுக்கிடையே அதுவரை எவரும் அறியாத வால்மீன் ஒன்றின் சுவடு தென்பட்டது. அவருடைய ஆசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கார்டன் நியூகிர்க் ஆகியோருடன் சேர்ந்து அதனை உறுதி செய்தார். அவ்வால்மீன் பாப்பு–போக்–நியூகிர்க் என்று மூவர் பெயராலும் வழங்குகிறது. அதே ஆண்டில் அமெரிக்கப் பசிபிக் வானியல் கழகத்தின் டோனோஹோ வால்மீன் பதக்கமும் கிடைத்தது. இதனை நற்பேறு என்று கூறுவாரும் உளர். ஒளிப்புள்ளிகளை எண்ணியெண்ணிப் பழகிய வீட்டில் வளர்ந்த கண் அது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மாறியதைக் காண்பதற்கு, மாறாததை நன்கு அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

1952ல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கார்னகி உதவித்தொகை பெற்றுக் கலிபோர்னியா சென்றார். அங்கே பாலோமர் மலையில் இருந்த 200 அங்குலத் தொலைநோக்கி அக்காலத்தில் உலகிலேயே மிகப்பெரியது. அங்கு ஓலின் வில்சன் என்னும் அறிஞருடன் இணைந்து அவர் செய்த ஆய்வு 1957ல் வெளியாயிற்று. விண்மீனின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கினால், சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தால் உண்டாகும் கருங்கோடு ஒன்று அதில் தெரியும். சிலவகை விண்மீன்களில் அக்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்றும் காணப்படும். அக்கீற்றின் அகலத்தை அளந்தால் அவ்விண்மீனின் உண்மையான ஒளி எவ்வளவு என்று கூறிவிடலாம் என இருவரும் கண்டனர். உண்மை ஒளி தெரிந்தால், நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிடலாம். தெருக்கோடியில் தெரியும் விளக்கு எத்தனை வாட்டு என்று தெரிந்தால் அது எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று சொல்லிவிடுவதைப் போன்றதே இது. வில்சன்–பாப்பு விளைவு என்னும் பெயரில் இன்றும் வானியல் நூல்களில் இது இடம்பெறுகிறது.

இவ்வளவு பெயர் பெற்ற இளைஞர் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். உலகின் சிறந்த கருவிகள் அங்கே இருந்தன. அவற்றுக்கு ஈடான ஒன்றும் இந்தியாவில் இல்லை. 1953ல் அவர் திரும்பி வந்தார். வாரணாசியில் 1954ல் தொடங்கப்பட்ட உத்தரப்பிரதேச அரசு வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, இமயத்தின் அடிவாரத்திலுள்ள நைனிதாலுக்கு அதனை மாற்றி நிலைபெறச் செய்தார். 1960ல், முப்பதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

கொடைக்கானல் ஆய்வகம் 1792ல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானாய்வகத்தின் வழிவந்தது. 1899ல் மலைக்கு மாற்றப்பட்டது. கதிரவனை ஆராய்வதில் புகழ் பெற்றது. ஆனால் இரவு வானத்துக்கு அது ஏற்ற இடம் அன்று. மேகம் அடிக்கடி மறைக்கும். விண்மீன்களே தம் துறை என்று அறிந்திருந்த பாப்பு, இருக்கும் இடத்துக்குத் தக்கபடி தம் துறையை மாற்றிக்கொள்ளவில்லை. துறைக்குத் தக்க இடத்தைத் தேடினார். அறுபதுகளில் தென்னிந்தியாவின் பல இடங்கள் ஆராயப்பட்டன. நகர விளக்குகளின் ஒளி எட்டாத இருட்டு வேண்டும். தெளிந்த இரவுகள் மிகுந்திருக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருந்தால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் காணலாம். இவையெல்லாம் ஒருங்கே அமைந்த இடமாகக் காவலூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். சுமார் 100 ஏக்கர் காட்டு நிலம். சுற்றிலும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். மின்விளக்கு எட்டாத இருளை நாமெல்லாம் குறையென்று கருதியிருந்த காலத்தில், அவ்விருளையே செல்வமாகக் கண்டவர் அவர்.

இவ்விடத்தில் ஒரு சொல். நம் லோக சொரூப நூல்கள் சூரியன், சந்திரன், கிரகங்கள், நட்சத்திரங்கள் ஆகியவற்றை ஜோதிஷ்க தேவர்களின் விமானங்களாகக் கூறுகின்றன. ஜம்பூத்தீவுக்கு இரண்டு சூரியர், இரண்டு சந்திரர் என்று கணக்கும் தருகின்றன. தொலைநோக்கி காட்டுவது வேறு. இதைக் குறித்துப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் பெரியோர் சிலர் வாயை அடைத்துவிடுகின்றனர். நம் கருத்து வேறு. வானத்தை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிக் கணக்கிட முயன்றவர்கள் நம் முன்னோர் என்று பெருமையோடு கூறுவோம். இன்றைய கருவிகள் காட்டுவதையும் கண்ணால் பார்த்துவிட்டு வா என்று அனுப்பி வைப்போம். கேட்கும் பிள்ளைக்கு அறிவு விழித்திருக்கிறது. அதைத் தூங்கச் செய்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

காவலூரில் 1968ல் பணி தொடங்கியபோது அங்கிருந்த கருவி 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றே. வெளிநாட்டில் வாங்கியது அன்று. கொடைக்கானல் ஆய்வகத்தின் பட்டறையிலேயே செய்தது. பாப்புவின் வாழ்வில் நாம் மிகவும் மதிப்பது இதனைத்தான். தம் திறமையை அறிந்து வளர்த்துக்கொண்டோர் பலர் உண்டு. வளர்ந்த பின் அதைப் பூட்டி வைத்துக்கொள்வோரும் உண்டு. கற்றதைப் பொறாமையால் பிறர்க்கு மறைக்கும் குற்றத்தை நம் நூல்கள் மாற்சரியம் என்று கடிகின்றன. பாப்பு அதற்கு நேர்மாறானவர். கண்ணாடி தேய்ப்பதில் யாருக்குக் கை படிகிறது, மின்னணுக் கருவியில் யாருக்கு மூளை செல்கிறது, இரவு முழுதும் நோக்கீட்டில் யார் சலிக்காமல் நிற்கிறார் என்று கண்டு, அவரவரை அவரவர்க்குரிய பணியில் வைத்தார். கண்ணாடிப் பணியில் ஏ. பி. ஜெயராஜன், மின்னணுவியலில் ஜே. சி. பட்டாச்சார்யா என்று அவரோடு உழைத்தோர் பெயர்கள் இந்திய வானியல் வரலாற்றில் நிலைத்துள்ளன. 1971ல் கொடைக்கானல் ஆய்வகம் வானிலைத் துறையிலிருந்து பிரிந்து இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாயிற்று. பாப்பு அதன் முதல் இயக்குநர். பின்னர் பெங்களூர் அதன் தலைமையிடமாயிற்று.

1972ல் ஜெர்மனியின் ஜெனா நகரில் செய்யப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி காவலூருக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. மறைவை நோக்கிய காவலூர் அறிஞர்கள், அத்துணைக்கோளைச் சுற்றிக் காற்று மண்டலம் இருப்பதற்கான அறிகுறி கண்டனர். அது மிக மிக மெலிந்தது என்பதைப் பின்னாளில் விண்கலங்கள் தெளிவுபடுத்தின. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க நெருங்கியபோது, மறைவுக்கு முன்னரே ஒளி ஒரு கணம் மங்கியது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த நாள் அது. அமெரிக்க அறிஞர்கள் விமானத்தில் பறந்தவாறு அதனைக் கண்டனர். பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஜவ்வாது மலையில் நின்று கண்டனர்.

இத்துடன் பாப்பு நிறைவு கொள்ளவில்லை. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்று உறுதி பூண்டார். விலைக்கு வாங்குவது எளிது, விரைவும்கூட. ஆனால் வாங்கினால் கருவி மட்டுமே வரும், செய்தால் செய்யத் தெரிந்தவர்களும் உருவாவார்கள். அதற்குரிய கண்ணாடியை ஜெயராஜனும் குழுவினரும் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினர். ஒரு மயிரிழையை நூறாகப் பிளந்தாலும் அளவு பெரிதென்று சொல்லும் நுட்பம் அத்தொழிலுக்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் அது நடந்தது.

கருவியைத் தாங்கும் பெரிய இரும்புக் கட்டமைப்பு மகாராட்டிரத்தின் வால்சந்த் நகர் ஆலையில் உருவாயிற்று. அவ்வூரையும் ஆலையையும் நிறுவிய சேட் வால்சந்த் ஹிராசந்த், சோலாப்பூரைச் சேர்ந்த திகம்பர ஜைனக் குடும்பத்தவர் என்பது நம்மவர் பலர் அறியாதது. குடும்பத்தின் வட்டித் தொழிலிலும் பருத்தி வாணிகத்திலும் மனம் செல்லாமல், இருப்புப்பாதை ஒப்பந்த வேலையில் இறங்கியவர் அவர். கப்பல், விமானம், மோட்டார் என்று பிற்காலத்தில் அவர் தொடாத தொழில் இல்லை. மனம் செல்லாத கடையில் அவரை அமர்த்தியே வைத்திருந்தால் ஊருக்கு ஒரு சுமாரான வட்டிக்கடைக்காரர் கிடைத்திருப்பார்.

1979ல் சர்வதேச வானியல் ஒன்றியம் பாப்புவைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியர் ஒருவர் அப்பதவி ஏற்றது அதுவே முதன்முறை. 1970ல் பட்நாகர் விருதும் 1981ல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்திருந்தன. 1982 ஆகஸ்டில் அவ்வொன்றியத்தின் மாநாடு கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் கூடியபோது, தலைமையேற்க வேண்டிய பாப்பு ஜெர்மனியின் மியூனிக் நகரில் மருத்துவமனையில் இருந்தார். இதய அறுவைச் சிகிச்சை செய்தும் உடல் தேறவில்லை. ஆகஸ்டு 19ஆம் நாள் உயிர் நீத்தார். ஐம்பத்தைந்தாம் பிறந்தநாள் கழிந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. கனவு கண்ட பெரிய தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை.

ஒருவரின் அறிவிலேயே முழுதும் அடங்கிய வேலையாக இருந்தால் அது அன்றோடு நின்றிருக்கும். பட்டறையிலும் ஆய்வகத்திலும் அவர் வளர்த்த கைகள் வேலையைத் தொடர்ந்தன. பட்டாச்சார்யா இயக்குநர் பொறுப்பை ஏற்றார். 1985ன் இறுதியில் தொலைநோக்கி விண்மீன் ஒளியை முதன்முதலாகப் பெற்றது. 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதனை நாட்டுக்கு அர்ப்பணித்து, கருவிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். நைனிதாலை அடுத்த தேவஸ்தலில் 2016ல் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும்வரை, முப்பது ஆண்டுகள் இந்தியாவில் அதுவே பெரியதாக விளங்கியது. அந்தத் தேவஸ்தல் தொலைநோக்கியை நிறுவியதும், நைனிதாலில் அவர் இளமையில் ஊன்றிய அதே ஆய்வகத்தின் வழிவந்த நிறுவனமே.

1988 பிப்ரவரி 17ஆம் நாள், காவலூரின் மற்றொரு தொலைநோக்கியில் எடுத்த ஒளிப்படத்தில், விண்மீன்களுக்கிடையே இடம் மாறிய ஒரு புள்ளியை இராஜமோகனும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். புதிய சிறுகோள் அது. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் பெயரை அதற்கு வைத்தார்கள். 4130 இராமானுஜன் என்று அது இன்றும் கதிரவனைச் சுற்றி வருகிறது.